பாண்டியர் குதிரைகள்: வாங்கியும் தீராத குறை

ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலையை மதுரை மக்கள் ஆண்டுதோறும் கண்டு வருகிறார்கள். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் மதுரைக்கு எழுந்தருள்கிறார். கதை எல்லோரும் அறிந்ததே. அரிமர்த்தன பாண்டியன் தன் படைக்குக் குதிரை வாங்கிவரும்படி அமைச்சர் வாதவூரரிடம் பெரும்பொருளைக் கொடுத்துக் கீழைக் கடற்கரைக்கு அனுப்புகிறான். அமைச்சர் திருப்பெருந்துறையில் குருவைக் காண்கிறார். பொன் கோயிலுக்குப் போகிறது. குதிரை எங்கே என்று அரசனின் ஆள் வந்து கேட்கும்போது, ஆவணி மூலத்தன்று வரும் என்று பதில் போகிறது. சொன்ன நாளில் குதிரைகள் வரவே செய்கின்றன. அன்றிரவே அவை நரிகளாகி ஊளையிடுகின்றன.

இக்கதையைப் பக்திக் கதையாக மட்டுமே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஓர் அரசின் படைக்கலக் கொள்முதலைப் பற்றிய கதையாகவும் இதைப் படிக்கலாம். அபசாரம் என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் கதையைக் கட்டியவர்கள் குதிரை வாணிபத்தின் நடைமுறையை நன்கு அறிந்தவர்கள் என்பதைக் கதையே காட்டுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இறைவன் குதிரை வணிகனாக வருவதோடு நில்லாமல், குதிரைகளின் இலக்கணத்தையும் அரசனுக்கு எடுத்துரைக்கிறான். பின்னர்க் கயிறு மாற்றல் நிகழ்கிறது. விற்பவன் கையிலிருந்த கயிறு வாங்குபவன் கைக்கு மாறிவிட்டால் விற்பனை முடிந்தது. அதற்குமேல் குதிரைக்கு எது நேர்ந்தாலும் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. இரவில் நரிகள் தாம் ஓடுவதோடு விடவில்லை, லாயத்தில் முன்பே நின்றிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டுப் போகின்றன. புதிதாக வாங்கியது பழையதையும் தின்றுவிட்டது என்னும் இந்தச் சிறு செய்தியைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். நமக்கோ கதையின் உயிர்நிலை அதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். மதுரையில் பாண்டியர் குதிரை வாங்கியது கற்பனை அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது நாட்டின் ஆகப்பெரிய செலவுகளுள் ஒன்றாக இருந்தது. அந்தக் கொள்முதலைப் பற்றி வெளிநாட்டார் இருவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியதை நம் இலக்கியத்தோடு சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் மிகவும் சுவையானது, சற்றுக் கசப்பானதும் கூட.

வைகைச் சமவெளி நெல்லுக்கு நல்லது, பருத்திக்கு நல்லது. கண்மாய்க் கரையில் எருமை கொழுக்கும். போர்க்குதிரை கொழுக்காது. ஈரமான வெப்பமும், அகன்ற புல்வெளி இல்லாமையும் அதற்கு ஆகாதவை. ஆகவே குதிரை இங்கே எப்போதும் கடல்வழி வந்த சரக்காகவே இருந்திருக்கிறது. பட்டினப்பாலை புகார்த் துறைமுகத்தின் பண்டங்களைச் சொல்லும்போது கடலில் வந்த குதிரைகளையே முதலில் நிறுத்துகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலும் நாவாய்கள் கொணர்ந்த குதிரை உண்டு. (இன்றும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் அய்யனார் கோயில்களுக்குப் புரவியெடுப்பு நடக்கிறது. குதிரை பிறக்காத நாட்டில் ஊருக்கு ஊர் மண்குதிரை நிற்பதன் பின்னணியில், எட்டாப் பொருளின்மேல் கொண்ட பழைய வியப்பும் இருக்கக்கூடும்.)

சங்க காலத்தில் குதிரை பெருமைக்குரிய பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது உயிர்நாடியாகிவிட்டது. 1251-இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் நெல்லூர் வரை படை நடத்தினான். 1268-இல் பட்டமேறிய மாறவர்மன் குலசேகரன் அந்தப் பேரரசைக் கட்டிக் காக்க வேண்டியிருந்தது. வடக்கே போர்முறை மாறிக்கொண்டிருந்தது. அங்கவடியில் கால் ஊன்றி, ஓடும் குதிரையிலிருந்தே அம்பெய்யும் வீரர்களைக் கொண்ட படைகள் தில்லியில் ஆட்சியைப் பிடித்திருந்தன. 1296-இல் அலாவுதீன் கில்ஜி, சுல்தான் ஆவதற்கு முன்பே, சில ஆயிரம் குதிரை வீரர்களோடு விந்தியம் கடந்து தேவகிரியின் வாசலில் வந்து நின்றபோது தக்கணத்துக்கு அதன் பொருள் விளங்கியது. யானைப்படை அணியை உடைக்கும், கோட்டைக் கதவை மோதும். விரைந்து வந்து, அடித்து, விலகி, மறுபடி வந்து அடிக்கும் படையை அது துரத்திப் பிடிக்க முடியாது. இன்றைய ராணுவ மொழியில் திறன் இடைவெளி என்று சொல்லப்படுவது இதுதான். பாண்டியர் அந்த இடைவெளியை அறியாதவர் அல்லர். அறிந்து, அதை அடைக்கப் பொன்னை வாரி இறைத்தார்கள்.

எவ்வளவு இறைத்தார்கள் என்பதற்குப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சாட்சி. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அவர், தமிழகக் கடற்கரையை அரேபியர் வழக்கப்படி மாபார் என்கிறார். அவர் தரும் செய்தி கிட்டத்தட்ட ஓர் ஒப்பந்தப் பத்திரம்போல் இருக்கிறது. பாரசீக வளைகுடாவில் உள்ள கிஷ் தீவின் அதிபர் மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுதீன். அவர் ஆண்டுதோறும் தம் சொந்த வளர்ப்பில் 1,400 குதிரைகளை மாபாரில் இறக்க வேண்டும். கதீஃப், பஹ்ரைன், ஹோர்முஸ் முதலிய இடங்களிலிருந்து இன்னும் எத்தனை திரட்ட முடியுமோ அத்தனையையும் அனுப்ப வேண்டும். விலை குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார், அதுவும் முன்பே நிலைப்படுத்தப்பட்ட விலை. ஜமாலுதீனின் 1,400 குதிரைகளுக்கு மட்டும் 3,08,000 தினார் ஆகிறது. அவருக்கு முந்தைய காலத்தில், பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியை அத்தாபெக் அபுபக்கர் ஆண்டபோது, மாபாருக்கும் காம்பே முதலிய துறைகளுக்கும் ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் சென்றதாகவும் அவற்றின் மதிப்பு 22 லட்சம் தினார் என்றும் அவர் கணக்குச் சொல்கிறார்.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. கடற்பயணத்தில் குதிரைக்கு ஊனம் நேர்ந்தாலும், குதிரை இறந்தே போனாலும், அதன் விலையைப் பாண்டியக் கருவூலம் கொடுத்துவிட வேண்டும்.

இந்த ஒரு வரியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். படிக்குந்தோறும் வாதவூரர் கதையின் கயிறு மாற்றல் நினைவுக்கு வருகிறது. கதையில் கயிறு அரண்மனை வாசலில் மாறுகிறது. வரலாற்றில் கிஷ் தீவிலேயே மாறிவிடுகிறது. கப்பலில் குதிரைக்கு நீர் வைப்பதும், இடம் விட்டுக் கட்டுவதும், புயற்காலம் பார்த்துப் பாய் விரிப்பதும் விற்பவன் கையில் இருக்கின்றன. நட்டமோ வாங்குபவன் தலையில் விழுகிறது. நெருக்கியடித்து ஏற்றிய கப்பலில் பாதி செத்தாலும் முழு விலை உறுதி என்றால், எந்த வணிகன் கப்பலில் கூடுதலாக இடம் விடுவான்? வணிகனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவன் தனக்குக் கொடுக்கப்பட்ட பத்திரத்தின்படி நடந்தான்.

பத்திரத்தை எழுதியது யார் என்பது அடுத்த கேள்வி. ஜமாலுதீனின் உடன்பிறந்தவர் தகியுதீன் அப்துர் ரகுமான். பாண்டியன் சுந்தரனுக்கு ஆலோசகரும் அமைச்சரும் அவரே. காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் ஆட்சிப் பொறுப்பும் அவரிடமே இருந்தது என்கிறார் வஸ்ஸாஃப். விற்பவர் அண்ணன், வாங்கும் அரசின் துறைமுகத்தைப் பார்த்துக்கொள்பவர் தம்பி. அதுமட்டுமல்ல, சீனத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மாபாரில் வந்திறங்கும் சரக்கில் ஜமாலுதீனின் முகவர்கள் முதலில் தெரிந்தெடுத்த பிறகே மற்றவர்கள் வாங்கலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. இதை மதக்கண்ணாடி போட்டுப் பார்க்கும் கட்டுரைகள் சில உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. அயலவரான அரபு வணிகரை அமைச்சராக்கும் அளவுக்குத் திறந்த மனத்தோடு பாண்டிய அரசு இருந்தது என்பதே முதலில் சொல்ல வேண்டியது. பழுது வேறு இடத்தில் இருக்கிறது. யார் எந்த இனமாயினும், விற்பவரின் குடும்பமே வாங்குபவரின் மேற்பார்வையாளராகவும் இருந்தால் விலையும் தரமும் தட்டிக் கேட்கப்படாமலே போகும்.

இவ்வளவு பணமும் எங்கிருந்து வந்தது? கோயில் நிலங்களிலும் அறக்கட்டளைகளிலும் மிகுந்த வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர்மீது விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது, பொதுக் கருவூலத்துக்குச் செலவே இல்லை என்று வியக்கிறார் வஸ்ஸாஃப். அவர் வியப்பை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டியதில்லை. கருவூலத்தைத் தொடாத செலவை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏரி வெட்டவும் மடை கட்டவும் போயிருக்கக்கூடிய பொன் வேறு வழியில் போனது என்பதே இதன் பொருள். புராணக் கதை இங்கே தலைகீழாகிறது என்பதையும் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். கதையில் குதிரைக்கான பொன் கோயிலுக்குப் போனது. வரலாற்றில் கோயிலின் பொன் குதிரைக்குப் போயிற்று.

சரி, வந்து இறங்கிய குதிரைகளின் கதி என்ன? 1290-களின் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ சொல்வது இது. நாட்டை ஆண்ட ஐந்து உடன்பிறந்த அரசர்களும் ஆளுக்கு 2,000-க்குக் குறையாமல் ஆண்டுதோறும் குதிரை வாங்க விரும்புகிறார்கள். ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை. காரணம், குதிரையைப் பேணத் தெரியவில்லை, லாடம் அடித்து நோய் பார்க்கும் ஆட்களும் இல்லை. வணிகர்கள் அத்தகைய ஆட்களைக் கூட்டி வருவதில்லை என்பதோடு, வேறு யாரும் இங்கே வந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரைகள் பிழைத்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே!

வஸ்ஸாஃப் இதற்கு உள்விவரம் சேர்க்கிறார். பச்சை வாற்கோதுமை கொடுப்பதற்குப் பதில் வறுத்த தானியத்தையும் நெய்யிட்டுச் சமைத்த தீனியையும் காய்ச்சிய பாலையும் கொடுக்கிறார்களாம். கொழுப்பேற வேண்டும் என்று நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டி வைக்கிறார்களாம். பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல், அங்கவடியும் இல்லாமல், ஏறி முடுக்குகிறார்களாம். சிறிது காலத்தில் பாய்மா கழுதையாகிவிடுகிறது. எனவே அடுத்த ஆண்டும் புதுக்குதிரை. மேற்கும் கிழக்கும் ஒன்றையொன்று சார்ந்திருக்க வேண்டும் என்பது இறைவன் வகுத்த ஏற்பாடு என்று அவர் முத்தாய்ப்பு வைக்கும்போது, நமக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை.

இரண்டு சாட்சிகளையும் அப்படியே விழுங்கிவிடலாகாது. போலோ கப்பலில் வந்தவர். குதிரைச் செய்திகளைக் குதிரை ஏற்றி வந்தவர்களிடம் கேட்டிருப்பார். வஸ்ஸாஃப் ஃபார்ஸ் நாட்டு அரசு அலுவலர், ஜமாலுதீனோ அந்நாட்டின் வரிக் குத்தகையை எடுத்தவர். ஆக இரண்டும் விற்பவர் பக்கத்துக் கூற்று. தாம் விற்ற பொருள் கெட்டது வாங்கியவன் மடமையால் என்று விற்றவர்கள் சொல்வது எந்தக் காலத்திலும் உள்ள வழக்கம். நாற்பது நாள் கட்டிவைத்தது நெடும்பயணத்தில் இளைத்த விலங்குக்கு உடல் தேற்றும் முறையாகவும் இருக்கலாம். ஈரமான வெப்பத்தின் நோய்களுக்கு லாடக்காரன் என்ன செய்வான்?

ஆனாலும் நெய்த்தீனிக் கதையை முற்றிலும் தள்ள நமக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் புறநானூறு. 299-ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது, குதிரை மறம் என்னும் துறை. அதில் இரண்டு குதிரைகள் வருகின்றன. ஒன்று, பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனுடையது. உழுந்தின் சக்கையைத் தின்று, தளர்ந்த நடை நடப்பது. மற்றொன்று, மருத நிலத்துப் பெருவேந்தருடையது. நெய் கலந்த கவளம் உண்டு, பிடரி மயிர் கத்தரித்து, மாலை சூட்டி வளர்த்தது. போர் மூண்டபோது சக்கை தின்ற குதிரை கடலைக் கிழிக்கும் தோணிபோல் படையைப் பிளந்துகொண்டு போகிறது. நெய் தின்ற குதிரைகளோ, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மகளிரைப்போல் விலகி நிற்கின்றன.

வஸ்ஸாஃபுக்குச் சற்றேறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு புலவர் வேந்தரின் லாயத்தில் இதே நெய்யைக் கண்டிருக்கிறார். பாரசீகத்தார் எழுதியது அவதூறு என்று சொல்ல இனி வழியில்லை. வேந்தர்கள் குதிரையை அணிகலனாகவே பேணினார்கள் என்பதை உள்ளூர்க்காரர் ஒருவரே முன்கூட்டிக் கேலி செய்திருக்கிறார். பொன்முடியாரின் பாட்டை வகுப்பில் நடத்துகையில் வீரத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். தீனியையும் சொல்ல வேண்டும்.

இதே ஆண்டுகளில் தில்லி என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். அலாவுதீன் கில்ஜியின் சந்தைக் கட்டுப்பாட்டைத் தானியம், துணி இவற்றோடு நிறுத்திவிடும் பாடநூல்கள் குதிரையை ஓரிரு சொல்லில் கடக்கின்றன. பரனியின் வரலாற்றில் அது தனி அங்கமாகவே இருக்கிறது. படைக்குதிரைகளை மூன்று தரமாகப் பிரித்தார்கள். முதல் தரம் 100 முதல் 120 தங்கா, இரண்டாம் தரம் 80 முதல் 90, மூன்றாவது 65 முதல் 70. தங்கா வெள்ளி நாணயம், பாண்டியர் கொடுத்த தினாரோ செம்பொன். தூரம், கப்பற்கூலி எல்லாம் தள்ளிப் பார்த்தாலும் வேறுபாடு பெரிது. குதிரைத் தரகர்கள்தாம் விலையை ஏற்றுகிறவர்கள் என்று கண்டு, அவர்களுள் பெரிய கைகளைத் தொலைவான கோட்டைகளுக்கு அனுப்பி அடைத்தார் சுல்தான். குதிரைக்குச் சூடு போட்டு, வீரனின் அங்க அடையாளத்தையும் பதிவேட்டில் எழுதினார்கள். அணிவகுப்பில் ஒரே குதிரையை இருமுறை காட்டிப் படி வாங்குவதும், நல்ல குதிரையை விற்றுவிட்டு மட்டக் குதிரையை நிறுத்துவதும் இதனால் அடைபட்டன. அலாவுதீனின் கொடுமைகளை நாம் மறைக்க விரும்பவில்லை, தரகர்கள்மீது அவர் காட்டிய கடுமையும் அவற்றோடு சேர்ந்ததே. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தில்லியில் ஒருவன் குதிரையை வாங்கியபின்னும் அது எங்கே நிற்கிறது, எந்த நிலையில் நிற்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்தான். மதுரையில் குதிரை செத்த பிறகு அடுத்த கப்பலுக்குப் பொன் எண்ணினார்கள். தில்லிக்கு மேய்ச்சல் நிலமும் தரைவழியும் அருகில் இருந்தன என்பது உண்மைதான், அந்த நல்லூழ் மதுரைக்கு இல்லை. குதிரை நெருங்கக் கிடைத்தவன் கணக்கு எழுதினான், அருமையாகக் கிடைத்தவன் எழுதவில்லை என்பதுதான் விந்தை.

1311 ஏப்ரலில் மாலிக் கபூர் மதுரைக்கு வந்தான். அதற்குச் சற்று முன்புதான் குலசேகர பாண்டியன் மகன் கையாலேயே கொல்லப்பட்டிருந்தான். சுந்தரன், வீரன் என்ற இருவரும் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்தனர். மாலிக் கபூர் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்ததாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். அரசன் போய்விட்டான், கோயிலில் இரண்டு மூன்று யானைகள் மட்டும் நின்றன. அந்தத் தென்னகப் படையெடுப்பின் முடிவில் தில்லிக்குப் போன கொள்ளையில் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் இருந்தன என்பது குஸ்ருவின் கணக்கு. பரனி 20,000 குதிரை என்கிறார். பரனி எழுதியது பின்னால், எனவே குஸ்ருவின் எண்ணையே கொள்வோம். அதிலும் ஒரு பகுதி ஹொய்சளரிடம் பிடித்தது.

இந்த 5,000 என்னும் எண் நம்மை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சாது என்று போலோ சொன்னது மிகை என்பதை இது காட்டுகிறது. குதிரைகள் இருந்தன, ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு களத்திலாவது மாலிக் கபூரைப் பாண்டியர் எதிர்த்து நின்றதாகச் செய்தி இல்லை. நேரடிப் போரைத் தவிர்த்து, காடும் மழையும் பகைவனை அலைக்கழிக்கட்டும் என்று விட்டது நல்ல உத்திதான் என்று வாதிடுவோர் உண்டு. ஓரளவு உண்மையும் அதில் இருக்கிறது. பாண்டிய அரசர்கள் எவரும் அகப்படவில்லை. ஆனால் அலைக்கழிக்கத்தான் போகிறோம் என்றால் 220 தினார்க் குதிரை எதற்கு? பழகிய வீரன், பழக்கிய குதிரை, லாடம், அங்கவடி, தீனி, மருத்துவன், இவற்றையெல்லாம் அறிந்த தலைவன் ஆகிய யாவும் சேர்ந்தால்தான் குதிரைப்படை. பாண்டியர் அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் ஆண்டுதோறும் வாங்கினார்கள். அப்படி வாங்கியது கடைசியில் கிஷ் தீவிலிருந்து மதுரை வழியாகத் தில்லி லாயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

முப்பதாண்டுகள் கழித்து இன்னொரு காட்சி. மதுரையில் அப்போது சுல்தான்களின் ஆட்சி. 1342-ஐ ஒட்டி ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன், திருவரங்கத்துக்கு அருகிலுள்ள கண்ணனூர்க் குப்பத்தைப் பெரும்படையோடு முற்றுகையிட்டிருந்தான். மதுரை சுல்தான் கியாசுதீன் தாம்கானியிடம் இருந்தவர்கள் சுமார் 6,000 பேர், அதிலும் பாதி தேறாதவர்கள் என்கிறார் பின்னர் மதுரைக்கு வந்த இப்னு பதூதா. நண்பகலில் வல்லாளன் படை உறங்கிக்கொண்டிருந்தது. குதிரைகளை மேய்ச்சலுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் மதுரைப் படை வந்து விழுந்தது. எண்பதை எட்டிய அந்தக் கிழவேந்தன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். வைக்கோல் அடைத்த அவன் தோல் மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கியதை இப்னு பதூதா தம் கண்ணால் பார்த்திருக்கிறார். குதிரை நிறைய வைத்திருந்தவன் தோற்ற மற்றொரு கதை இது.

விசயநகரம் இதிலிருந்து பாடம் கற்றதா? கற்றது, ஆனால் மெதுவாக. போர்த்துகீசியக் குதிரை வணிகர் ஃபெர்னாவோ நூனிஸ் எழுதிவைத்த ஒரு செய்தி, பாண்டியர் பத்திரத்தையே தூக்கிச் சாப்பிடக் கூடியது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட சாளுவ நரசிம்மன் ஹோர்முஸ், ஏடன் குதிரைகளை, உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும், ஆயிரம் பொன்னுக்கு மூன்று என்று வாங்கினானாம். கடலில் செத்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை. கப்பலிலிருந்து இறங்கும் வணிகன் ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் வால்கட்டுமாக அரண்மனைக் கணக்கன் முன் நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தால் நமக்கு நரி பரிக் கதை ஒன்றும் அதிசயமாகத் தோன்றுவதில்லை.

நரசிம்மன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கடல் இடருக்கு அஞ்சி வணிகன் வேறு துறைக்குத் திரும்பிவிட்டால் குதிரை பகைவனுக்குப் போய்விடும். செத்த குதிரைக்குக் கொடுத்த விலை, உயிருள்ள குதிரை பாமினிகளிடம் போகாமல் இருக்கக் கொடுத்த விலையும்தான். கிருஷ்ணதேவராயர் இதைத் தெளிவாகவே உணர்ந்திருந்தார். அவருடைய தெலுங்குக் காவியமான ஆமுக்தமால்யதாவின் அரசநீதிப் பகுதியில், யானையும் குதிரையும் கொண்டுவரும் தொலைநாட்டு வணிகருக்கு ஊரும் வீடும் நல்ல இலாபமும் தந்து தம்மோடு பிணைத்துக்கொள்ள வேண்டும், அப்பொருள்கள் பகைவரைச் சேராமல் இருக்க அதுவே வழி என்ற கருத்து வருகிறது. அவர் ஆண்டுக்கு 13,000 ஹோர்முஸ் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளும் வாங்கி, சிறந்தவற்றைத் தம் லாயத்தில் நிறுத்திக்கொண்டு மற்றவற்றைப் படைத்தலைவர்களுக்குக் கொடுத்தார் என்று நூனிஸ் சொல்கிறார். நாட்டுக் குதிரையும் பட்டியலில் ஏறிவிட்டதைக் கவனிக்கலாம். ஆனால் கடல் அதற்குள் போர்த்துகீசியர் கையில் சிக்கிவிட்டது. 1547-இல் சதாசிவராயரின் அரசு அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, கோவாவில் இறங்கும் குதிரைகள் தனக்கே கிடைக்கும்படி பார்த்துக்கொண்டது. விற்பவன் ஒருவனே என்றாகிவிட்ட பின் செய்யும் உடன்படிக்கை அது. பதினெட்டு ஆண்டுகளில் தலைக்கோட்டைப் போர் வந்தது.

மதுரைப் பக்கத்துத் துறைகளின் கதை அதற்கு முன்பே மங்கத் தொடங்கியிருந்தது. போலோ குறிப்பிட்ட காயல், தாமிரபரணியின் முகத்தில் மண்மேடிட்டுக் கடலை விட்டு விலகிப்போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் பாதிரியார் பழையகாயல் பகுதியில் தேடி நடந்தபோதுதான் அந்த இடம் மறுபடி அடையாளம் காணப்பட்டது.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாததற்கு நம் தலைமுறையே சாட்சி. 1986-இல் இந்திய அரசு ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. தரகர் கூடாது என்பது அப்போதைய அரசின் நிபந்தனை. அடுத்த ஆண்டே தரகுப் பணம் கைமாறியதாக ஸ்வீடன் வானொலி சொன்னது, அதன்பின் ஓர் ஆட்சியே கவிழ்ந்ததை நாமெல்லாம் அறிவோம். ஊழலைப் பற்றிப் பேசிய பேச்சில் வேறொன்று பேசப்படாமல் போயிற்று. அந்த ஒப்பந்தத்தில் பீரங்கி செய்யும் நுட்பமும் சேர்ந்தே வாங்கப்பட்டிருந்தது, அதற்குரிய வரைபடங்களும் வந்து சேர்ந்திருந்தன. பாண்டியருக்குக் கிடைக்காத லாடக்காரன் நமக்குக் காகித வடிவில் கிடைத்திருந்தான். நிறுவனம் தடைப்பட்டியலில் ஏற, உதிரிப் பாகங்களுக்கே தட்டுப்பாடு வந்தது. 1999-இல் கார்கில் மலைகளில் அந்தப் பீரங்கிகள் நன்றாகவே வேலை செய்தன. அந்தப் போரின் பின்தான் பாதுகாப்புக் கொள்முதல் மன்றம், 2002-இன் கொள்முதல் நடைமுறை என்று ஒவ்வொன்றாக வந்தன. பழைய வரைபடங்களை வைத்து ஜபல்பூர்த் தொழிற்சாலையில் உருவான தனுஷ் பீரங்கிகளின் முதல் ஆறும் படையிடம் ஒப்படைக்கப்பட்டது 2019 ஏப்ரலில். ஒப்பந்தம் கையெழுத்தாகி முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.